பாதி வெட்டிய மரங்கள்

தெஹியோவிட்டச் சந்திச் சுவரொட்டியில் இருதயராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கி, சிவப்பு த்ரீவீல் ஆட்டோவின் மேல் ஒரு காலை வைத்து நிற்கும் பழைய படம். அதன் கீழே சிங்களத்தில் 'சாம்பியன் மீண்டும் வருகிறான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை த்ரீவீல் பந்தயம்.

பஸ்ஸுக்கு நின்ற அவன் மனைவி மெரினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருப்பவனின் தலையில் தழும்பு இல்லை. வீட்டில் இருப்பவனுக்கு வலப்பக்கக் காதுக்கு மேலே குதிரை லாடம் மாதிரி ஒன்று ஓடுகிறது. அந்த மனுசன் நிஜமாகவே சுகமாகிவிட்டானா? ஞாயிறுக்கு முன் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். கேட்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் 'சுகம்' என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இருதயராஜ் பிறந்தது சந்திக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அவன் பள்ளிக்கூடத்தை விட்டதும் பால் ஏற்றும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றான். பிறகு சந்தியில் கராஜ் வைத்திருந்த ஸாஜித்தின் பழைய த்ரீவீலை ஹயருக்கு ஓட்டினான். மழையில் கரைந்து, கல் பெயர்ந்து கிடக்கும் தோட்டத்து ரோட்டில் ஏழு வருடம் ஓட்டியவனுக்குப் பந்தய மைதானம் பாய் விரித்தது மாதிரி இருந்தது. அந்த ரோட்டை யாரும் அவனுக்குப் பயிற்சி கொடுக்கவென்று அப்படி விட்டு வைக்கவில்லை. அதில் போகிறவர்கள் தோட்டத்து ஆட்கள்தானே என்று விட்டு வைத்தார்கள்.

வரக்காப்பொலையிலும் கலவானையிலும் அவன் ஓட்டத்தைப் பார்க்கவே சனம் மரத்தில் ஏறியது. மற்றவர்கள் பிரேக்கைத் தேடுகிற திருப்பத்தில் அவன் உள்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி, இரண்டே சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போவான். மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன். ஒலிபெருக்கி 'ராஜ் மல்லி, ராஜ் மல்லி' என்று சிங்களத்தில் தம்பி போட்டுத் தொண்டை கிழியக் கத்தும். தோட்டத்து ஆளை நிற்க வைத்தே பேசிப் பழகிய பெரிய மனிதர்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய தலைக்கவசத்தின் பட்டி அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

போன வருடப் பந்தயத்தில் முன்னால் போன வண்டி புரண்டது. அவன் வண்டி அதில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டது. கயிறு அவிழ்ந்து தலைக்கவசம் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவர்கள் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்திருக்கவில்லை. சோடா ஏற்றி வந்த லொறியில் அவனைக் கிடத்திக்கொண்டு போனார்கள். கொழும்பில் வலப்பக்க மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள்.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோற்றுப்போன யாரோ செய்வினை வைத்துவிட்டான் என்றார்கள் சிலர். மாதாவுக்கு நேர்ந்த மெழுகுவர்த்தியை மெரினா கொளுத்த மறந்ததுதான் காரணம் என்றாள் ஒருத்தி. ஒரு மெழுகுவர்த்திக்காக ஒருவன் மண்டையைப் பிளக்கிற தாய் எந்த உலகத்தில் இருப்பாள்? மெரினாவோ ஆஸ்பத்திரி வராந்தாவில் அதையே நினைத்து நினைத்து அழுதாள். அறுந்த பட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவன் கண் திறந்தான். பேர் சொன்னான். "வண்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டான். முதலில் தடியோடும் பிறகு தடி இல்லாமலும் நடந்தான். மாசி பிறந்ததும் பிரட்டுக்குப் போனான். காலையில் கங்காணி ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. ஒருநாள் வேலையை முழுதாகச் செய்தவனுக்கு முழுப் பேர், குறைத்துச் செய்தவனுக்கு அரைப் பேர். அன்று புல்லு வெட்டில் இருதயராஜுக்கு முழுப் பேர் விழுந்தது.

தோட்டத்தில் அதுதான் வைத்திய சாஸ்திரம். காய்ச்சல்காரன், பிள்ளை பெற்றவள், மண்டையைத் திறந்து மூடப்பட்டவன், யாராக இருந்தாலும் முழுப் பேர் போட்டால் ஆள் சுகம். நூற்றைம்பது வருடமாக உடம்பை வேலையால் மட்டுமே அளந்து பழக்கி வைத்த இடத்தில் வேறு அளவுகோல் எங்கிருந்து வரும்? மெரினாவும் அதே கோலால்தான் அளந்தாள். 'பேர் விழுகிற ஆளுக்குக் கிளினிக் எதற்கு, ஒருநாள் வேலை கெடுமே' என்று கொழும்புக் கிளினிக்கைத் தள்ளிப்போட்டாள்.

ஆனால் மனது கேட்கவில்லை. தட்டில் தினமும் பாதிச் சோறு மிஞ்சியது. சாப்பாடு செல்லவில்லை போலும் என்று நினைத்தாள். ஆனால் அந்தத் தட்டை நீட்டியே "இன்னும் கொஞ்சம் போடு" என்பான். ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வெளியே போவான். கேட்டால், "புது ஸ்டைல் புள்ள, ஒனக்குத் தெரியாது" என்று சிரிப்பான். தோள் கதவு நிலையில் இடிக்கும். கதவைத் திட்டுவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஸாஜித் லயத்துக்கு வந்தான்.

"மச்சான், எஞ்சின் குதிர மாதிரி ஈக்கிது. ஞாயித்துக்கெழம நீ சும்மா ஏறி ஒக்காந்தாப் போதும்."

"ஒக்காந்தாப் போதும்னா ஒன்னயே ஒக்கார வச்சிருவேனே. நீ ஏறினா வண்டி மேட்டுல ஏறாதுடா."

மெரினா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். ஸாஜித்தை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். "ஸாஜித் நானா, வலிப்பு வராம இருக்க இன்னும் மாத்திர போடுறாருங்க. இந்த வருசம் வேணாமே."

"முழுப் பேர் போடுற ஆளுக்கு என்ன பயம் தங்கச்சி?"

"இவ இப்பிடித்தான்டா. எனக்கு என்னமோ பிஸ்ஸு, பைத்தியம் புடிச்ச மாதிரி பாக்கிறா. கையப் பாரு, நடுங்குதா?"

"அந்த மைதானத்துல திருப்பமெல்லாம் எந்தப் பக்கம் நானா?" என்றாள் மெரினா. அவன் தோள் கதவில் இடிப்பது அவள் மனதில் ஓடியது.

"எல்லாம் எடப்பக்கந்தான். நம்ம ராஜாவுக்கு அது ஊட்டுக் குசினி மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனுடைய தேத்தண்ணி பாதி குடித்திருந்தது. இடப்பக்கம் வைத்த பிஸ்கட் தொடப்படாமல் கிடந்தது.

இலை உதிர்ந்து துளிர்த்து, பால் வெட்டுத் தொடங்கியிருந்த நேரம். புல்லு வெட்டிலிருந்து பால் வெட்டுக்கு மாற்றப்பட்ட இருதயராஜின் மரங்களில் பால் குறைவு. துளிர் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று கங்காணி அழகமுத்துவும் விட்டுவிட்டார். மறுநாள் காலையில்தான் அவர் ரப்பர் மலைச் சரிவுக்குள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறார். நேராக மெரினா வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, ஒன் புருசன் சாம்பியன்னு சுவத்துல படம் போட்டதும் மரத்தப் பாதி பாதியா வெட்டிட்டுப் போறாரு. வந்து பாரு. நாளைக்கும் இப்பிடின்னா அரைப் பேர்தான்."

அவள் போய்ப் பார்த்தாள். ரப்பர் மரத்தில் வெட்டு, இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கப் பள்ளத்துக்குச் சரிந்து வரும். இரண்டு ஓரத்திலும் நெட்டாக ஒரு கோடு கீறியிருக்கும். அந்தக் கோட்டில் தொடங்கி இந்தக் கோட்டில் முடிக்க வேண்டும். இருதயராஜின் வெட்டு நடுவில் தொடங்கியிருந்தது. வலப்பக்கப் பாதியில் பால் வெள்ளையாகக் கசிந்தது. இடப்பக்கப் பாதி பழைய பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அடுத்த மரமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. சோம்பேறி இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் விடுவான். இங்கே எல்லா மரத்திலும் ஒரே பக்கம் விடுபட்டிருந்தது.

தட்டு, கன்னம், கதவு, பிஸ்கட். எல்லாம் இடப்பக்கம். அந்த மைதானத்தின் திருப்பங்களும் இடப்பக்கம்.

அவன் பக்கத்து மரத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இத ஏன் பாதியில விட்டீங்க?"

"எங்க விட்டேன்? முழுசாத்தானே வெட்டியிருக்கேன்."

"ஓரக்கோட்டக் காட்டுங்க."

அவன் வெட்டின் நடுவில் விரலை வைத்தான். கங்காணி சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அது விளையாடுகிற முகம் இல்லை.

மெரினா அவன் விரலைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். காய்ந்த பாலின் சொரசொரப்பு, பிறகு கோட்டின் பள்ளம். விரல் நின்றது. கண் இன்னும் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவன் தாடையில் கை வைத்து முகத்தைத் திருப்பினாள்.

"இது எப்ப வந்துச்சு?" என்றான் அவன்.

"எப்பவும் இங்கதாங்க இருக்கு."

அவன் வெட்டுக் கத்தியைத் தரையில் வீசினான். "நாலு மரத்தக் காட்டி என்னய நொண்டின்னு சொல்லப் பாக்கிறியா? நான் ஓட்டிக் காட்டுறேன்டீ!" ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினான். இடத்தோள் ஒரு மரத்தில் மோதியது. நிற்கவில்லை. மெரினா பால் வாளியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். ரோட்டில் அவனுக்கு இடப்பக்கமாக நடந்தாள், பஸ் வந்தால் தன் மேல் படட்டும் என்று.

கராஜில் சிவப்பு வண்டி மினுக்கிக்கொண்டு நின்றது. அவன் ஏறி உட்கார்ந்தான். மெரினா முன்சக்கரத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டாள்.

"தள்ளு புள்ள."

"ஏத்திட்டுப் போங்க."

"ஸாஜித், இவளக் கூப்புடுடா. டேய், ஒரு பக்கக் கண்ணாடிய மட்டும் மாட்டி வச்சிருக்கே, மத்தது எங்க?"

ஸாஜித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். வண்டியைப் பார்த்தான். மெரினாவைப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"மச்சான்... ரெண்டு கண்ணாடியும் ஈக்கிது."

இருதயராஜின் இடக்கை மேலே எழுந்து துழாவியது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டது. அதைப் பிடித்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். ஸாஜித் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை.

கொழும்புக் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். கண் பழுதில்லை. அடிபட்ட மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறது. தனக்கு எதுவும் குறையவில்லை என்றும் நம்ப வைத்துவிடுகிறது. கழுத்தை இடப்பக்கம் திருப்பித் தேடிப் பார்க்க ஒவ்வொரு நாளும் பழக வேண்டும். பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், எல்லாருக்கும் முழுதாகத் திரும்பாது.

"ஓட்டலாமா டொக்டர்?" என்றான் அவன்.

"இப்போது கூடாது. பந்தயம் பற்றி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதைப் பார்க்கத்தானே முன்பே வரச் சொன்னோம், ஏன் வரவில்லை?"

"முழுப் பேர் போட்டாங்க டொக்டர்" என்று மெரினா சிங்களத்தில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் இவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வண்டி கராஜிலேயே கிடந்தது. பந்தயம் நடத்துகிறவர்கள் விடாமல் அழைத்த போனை ஸாஜித் எடுத்து, சிங்களத்தில் நாலு வார்த்தை திட்டி வைத்தான். பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து எஞ்சின் சத்தம் தேனீக் கூட்டம் மாதிரி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த இருதயராஜ் திடீரென்று செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டை நோக்கி இறங்கினான். மைதானத்துக்குத்தான் போகிறான் என்று மெரினாவுக்கு உயிரே போய்விட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அவன் ரோட்டோரத்தில் நின்றிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. இடப்பக்க வளைவிலிருந்து அவிசாவளை பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. அவன் ஒரு காலை முன்னே வைத்துவிட்டான். அவள் கத்த வாயைத் திறந்தாள்.

அவன் கால் நின்றது. கழுத்து, துருப்பிடித்த திருகு மாதிரி, மெதுமெதுவாக இடப்பக்கம் திரும்பியது. பஸ் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது.

"இனி ஏதும் வருதா?" என்றான்.

சொல்ல வந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள். "நீங்களே பாருங்க."

அவன் மறுபடியும் திரும்பினான். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தூரம்.