அறுபத்திரண்டு பேர் உள்ள ஊர்

எங்கள் ஊரில் சுடுகாட்டை ஒட்டி ஒரு சமையல் கொட்டகை இருந்தது. அதில் மூன்று வருடம் தனியாகப் படுத்துத் தூங்கியவன் நான். ஒன்றும் வந்ததில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

படிப்பு ஏழாவது வரைதான். இங்கே டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில், ஒரு தமிழ் ஓட்டலில் மாஸ்டராக இருக்கிறேன். மகள் கயலுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "ஒரு வார்த்தை தமிழ்ல பேசேன்டி" என்று என் மனைவி மலர் கெஞ்சாத நாள் இல்லை.

கயலுக்கு ஊர்கள் என்றால் பைத்தியம். அமெரிக்காவில் எந்த ஊர் எந்த மாநிலம், எத்தனை ஜனம், குக்கிராமம் வரைக்கும் சொல்லுவாள். அதற்கு சான் அன்டோனியோவில் ஒரு போட்டி. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதால் மலர் ஊர்ப் பேர்களைத் தமிழில் அட்டை அட்டையாக எழுதித் தந்தாள். கேட்டுக் கேட்டுப் பாதி எனக்கே மனப்பாடம். போட்டியன்று மலருக்கு வேலை. நானும் கயலும் மட்டும் காலையில் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"ட்ரென்டன்?"

"நியூ ஜெர்சி. கேப்பிட்டல். டூ ஈஸி."

"மில்பிடாஸ்?"

"கலிபோர்னியா. நெக்ஸ்ட்!"

"உங்கப்பன் பொறந்த ஊரு எந்த ஜில்லா?"

"நாட் இன் மை கார்ட்ஸ், அப்பா." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாத்ரூம் போக வேண்டும் என்றாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு சின்ன ஊருக்குள் போனேன். அந்த ஊர்ப் பேரை இப்போதும் வாயால் சொல்வதில்லை. எல்லையில் பச்சைப் பலகை. ஊர்ப் பேர், கீழே ஜனத்தொகை.

"இந்த ஊர்ல எத்தனை பேரு?" என்றேன்.

"சிக்ஸ்டி ஒன். இட்ஸ் ஆன் தி சைன், அப்பா. தட்ஸ் சீட்டிங்."

நானும் பார்த்தேன். அறுபத்தொன்றுதான்.

ஒரே ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒரு கடை. வண்டியை நிறுத்தி, கொண்டுவந்த இட்லியை முதலில் சாப்பிட்டோம். கயலுக்குக் காரம் ஆகாது. மலர் தடவி அனுப்பிய பொடியை ஸ்பூனால் சுரண்டி டப்பாவின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுத்தான் தின்பாள். அன்றும் அப்படித்தான். பிறகு கடைக்குள் போனாள்.

நல்ல வெயில். தெருவில் ஒரு நாய் கூட இல்லை. கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே போய்ப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, ஆள் இல்லை. பின்பக்கம் பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

"கயல்?"

"வந்துட்டேம்ப்பா," என்றாள். தமிழில்.

வெளியே வந்தாள். அதே சட்டை, அதே ஜடை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மலர் கேட்டால் ஆடிப்போவாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அட்டையில் இருந்த குக்கிராமங்களாகக் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். எல்லாம் தமிழில். விளையாட்டுக்கு, "கேட்டி?" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"அது எங்கப்பா இருக்கு?"

நாங்கள் குடியிருக்கிற ஊர். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

"சரி, இந்த ஊர்ல எத்தனை பேரு?"

"அறுபத்திரண்டு."

எல்லை தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். பலகையின் முன்பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். எழுத்துத்தான் எனக்குத் தடுமாறும், எண் நன்றாக வரும். அறுபத்திரண்டு. புதுப் பெயின்ட் இல்லை. வெயிலில் வெளுத்துப்போன பழைய எண்.

அப்போது ஊருக்குள்ளிருந்து ஒரு சத்தம். தூரத்தில்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அப்பா! வெயிட் ஃபார் மீ!"

திரும்பி வண்டியைப் பார்த்தேன். கயல் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"நேரமாச்சு. போலாம்ப்பா."

என் பிள்ளை என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வண்டியை எடுத்தேன்.

போட்டியில் ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, பசிக்குது" என்றதும் மலர் அழுதேவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் வாயில் இங்கிலீஷ் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும், "எப்படிங்க பழக்குனீங்க?" என்று கேட்கிறார்கள். மலர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. இட்லிக்கு இப்போது பொடி பத்தவில்லை என்று கேட்டு வாங்கித் தின்கிறாள். பிள்ளைகள் மாறும்தானே.

ஒரு நாள் ஓட்டல் சாமான் வாங்கப் போவதாக மலரிடம் பொய் சொல்லிவிட்டு அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். பலகையில் அறுபத்திரண்டு. கடை பூட்டி, குறுக்கே பலகை அடித்திருந்தது. பல வருடமாகப் பூட்டிக் கிடப்பதுபோல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்கக் கதவையும் தட்டினேன். சத்தமில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டலில் இருந்து கொண்டுபோயிருந்த ஆறு இட்லியை, பொடி தடவி, டப்பாவில் வைத்து மூடி, கடை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனேன். டப்பா அதே இடத்தில், மூடியபடி இருந்தது. திறந்தேன். இட்லி இல்லை.

பொடி மட்டும் ஒரு மூலையில், சுரண்டி ஒதுக்கியிருந்தது.