தினமும் நடப்பதற்கு ஒரு காலம்

என் மருமகள் வங்காளத்துப் பெண். என் மகனும் அவளும் புனேயில் வேலை பார்க்கிறார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைக் காட்டுவாள், நானும் காட்டுவேன். "சாப்டீங்களா அப்பா?" என்று மகன் சொல்லிக்கொடுத்ததைக் கேட்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அதற்கப்புறம் ஊமை கண்ட கனவுதான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிடுவோம். என் மனைவி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. இவள் தமிழில் பேசுவாள், அந்தப் பிள்ளை வங்காளத்தில் பேசும், ரெண்டும் அரைமணி நேரம் கதையளக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. போன ஆனியில் நெஞ்சு வலிக்கிறது என்றவளை மதுரைக்குக் கொண்டுபோனோம். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவியில் வருவதுதான்.

அதனால்தான், மருமகளோடு இங்கிலீஷிலாவது நாலு வார்த்தை பேசலாம் என்று அருப்புக்கோட்டையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கிறது. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் சங்கதி தெரிந்தால் சும்மா விடுவார்களா? "ஏலே, இந்த வயசுல கலெக்டருக்குப் படிக்கிறியாக்கும்?" என்று டீக்கடைக்காரன் கேட்டான். "ஆமாலே, ஆனதும் மொதல்ல ஒன் கடையத்தான் இடிப்பேன்" என்றேன். அவனுக்கென்ன, வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது.

டீச்சர் என் மகனைவிடச் சின்னவள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேலை தேடும் பிள்ளைகள். முதல் பாடம், தினமும் நடப்பதைச் சொல்வது. சூரியன் கிழக்கே உதிக்கிறது, நான் காலையில் எழுகிறேன், அந்த மாதிரி. என் முறை வந்தபோது, "ஐயா, உங்க வீட்ல அம்மா தினமும் என்ன செய்வாங்க? அதச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம். அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "மை ஒய்ஃப் பிக்ஸ் காட்டன்" என்று வந்துவிட்டது. என் மனைவி பருத்தி எடுக்கிறாள். "வெரி குட்" என்றாள் டீச்சர். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

திரும்பி வருகையில் ஷேர் ஆட்டோவில் என்னை நானே திட்டிக்கொண்டேன். மறுநாள் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் மறுநாளும் கேட்டார்கள். அவள் என்ன சமைக்கிறாள், எந்தக் கோயிலுக்குப் போகிறாள், என்னை எதற்குத் திட்டுகிறாள். நான் சொல்லச் சொல்ல அந்த மாடி அறையில் அவள் நடமாட ஆரம்பித்துவிட்டாள். ஊரில் எல்லாருக்கும் அவள் செத்துப்போனவள். அங்கே மட்டும் உயிரோடு இருந்தாள். அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பிறகு இறந்தகாலப் பாடம் வந்தது. நடந்து முடிந்ததெல்லாம் இந்தப் பக்கம், தினமும் நடப்பதெல்லாம் அந்தப் பக்கம் என்று டீச்சர் பலகையில் கோடு போட்டுப் பிரித்தாள். நான் மாட்டை விற்றதைச் சொன்னேன், மழை இல்லாமல் கம்பு கருகியதைச் சொன்னேன். அவளைக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவரவே இல்லை. பொய்தானே என்பீர்கள். விடிந்ததும் அடுப்படிப் பக்கம் பார்த்து, "ஏ, எந்திரிச்சிட்டேன்" என்று நான் சொல்வது இன்னும் தினமும் நடக்கத்தானே செய்கிறது. அதை எப்படி முடிந்துபோனது என்பது?

பங்குனியில் ஒரு சாயங்காலம் டீச்சர் தன் அம்மாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மற்றவர்களுக்கெல்லாம் வகுப்பிலேயே பத்திரிகை கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் வீடு தேடி வைக்க வந்திருக்கிறாள். அம்மா கையில் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், பத்திரிகை.

"மதினி எங்கண்ணே?" என்றாள் அந்த அம்மா.

சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "காட்டுக்குப் போயிருக்கா" என்றேன்.

"வரட்டும். இருந்து குடுத்துட்டே போறோம்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆம்பளையிடம் பத்திரிகையை நீட்டிவிட்டுப் போனால் அது அழைத்தது ஆகாது. வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து, அவள் கையில் வைத்து, வந்துரணும் என்று சொன்னால்தான் அழைத்ததாகக் கணக்கு. இது தெரிந்தும் அந்தப் பதிலைச் சொல்லித் தொலைத்தேன்.

காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய் ஒளிந்தேன். "மதினிக்கும் சேத்துப் போடுங்கண்ணே, வெயில்ல இருந்து வருவாக" என்று குரல் வந்தது. நாலு டம்ளரில் ஊற்றினேன். மூன்று பேரும் குடித்தோம், நாலாவது மூடியபடி இருந்தது. என் மனைவியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் டீச்சர் தன் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "ஐயா சொல்றதக் கேட்டுக் கேட்டு, அவுகள நேர்ல பாத்தே ஆகணும்னு ஆயிருச்சும்மா." பருத்திக் காட்டிலிருந்து பெண்கள் தெருவோடு திரும்பிப் போனார்கள். யார் போனாலும் அந்த அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"எப்பண்ணே வருவாக? இந்த பஸ்ஸ விட்டா இருட்டிரும்."

"வர மாட்டா தாயி" என்றேன். "போன ஆனியிலயே செத்துப் போயிட்டா."

அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குத் தானாகத் தெரிந்தது. மகனுக்கு என் தம்பிதான் போன் போட்டான். வாயைத் திறந்து நான் சொன்னது அன்றைக்குத்தான். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. "போட்டோ எங்கண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். உள் அறையைக் காட்டினேன். தட்டோடு போனாள். தாலியோடு போனவள் என்பதால் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பத்திரிகையைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். மூடியிருந்த காப்பியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"மதினி, எம் மக கல்யாணம். அண்ணனக் கூட்டிக்கிட்டு வந்துரணும்" என்று, எதிரில் நிற்பவளிடம் சொல்வதுபோலவே சொன்னாள்.

டீச்சர் செருப்பைப் போட்டபடி, "ஐயா, திங்கக்கிழம கிளாஸுக்கு வந்துருங்க" என்றாள். "வாரேன்" என்றேன்.

அவர்கள் போனபின் உள் அறையில் போய் உட்கார்ந்தேன். காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது. கொஞ்சம் சூடு இறங்கினாலும் அவள் குடிக்க மாட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கத்து இறந்தகால வாக்கியம் ஒன்றை, அவளைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் சொல்லாததை, படத்தைப் பார்த்துச் சொன்னேன். "மை ஒய்ஃப் லைக்ட் ஹாட் காபி." தப்பில்லாமல் வந்தது. வெரி குட் என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.