தரைக்குருவிக்குப் போட்ட வேலி

என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், ஆம்பூரில் டேனரி வேலைக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து வழித்த ஆட்டு மயிரை அலசி, பின்பக்கத்துப் பொட்டலில் பரப்பிக் காயவைப்பது என் வேலை.

அந்தப் பொட்டலில் தரைக்குருவி ஒரு ஜோடி இருந்தது. அதற்கு வானம்பாடி என்று பெயர் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆண் குருவி விசிலடித்தபடி நெட்டுக்குத்தாக ஏறும். சிறகை மடக்கிக்கொண்டு விழும். தரை தட்டுவதற்குள் நிமிர்ந்து மறுபடி ஏறும். யார் பேசினாலும் என் காதில் ஏறாத நாட்களில் அது மட்டும் கேட்டது. அது போய்விடக் கூடாது. அந்த வருஷம் நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றைத்தான்.

ஒரு புல் தூரின் நிழலில், மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் கூடு, இரண்டு முட்டை. மயிரைப் பரப்பினால் மூடிவிடும், அங்கே மேய வரும் ஆடு மிதித்தால் தீர்ந்தது. அந்தப் பக்கத்தை விட்டுவிடலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"இன்னாய்யா, குருவிக்குப் பட்டா போட்டுக் குடுக்கறியா?" என்று சிரித்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று என் போக்கில் விட்டுவிட்டார்.

கருவேல முள்ளை வெட்டிவந்து சுற்றிலும் வேலி போட்டேன். குஞ்சுகள் பறந்துபோயின. வேலியை எடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

மழை பெய்தது. ஆடு வாய் வைக்காத புல் இடுப்பளவு வளர்ந்தது. அடுத்த கோடையில் தினமும் போய் நின்றேன். குருவி வரவில்லை.

அங்கே ஆடு மேய்க்கும் அம்மாள்தான் சொன்னார்: "ஏம்பா, அது தரையில ஓடித் திரியற குருவி. புல்லு மொட்டையா இருந்தாத்தான் குந்தும். ஆட்டையெல்லாம் தொரத்திட்ட, அது எப்டி வரும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அங்கேயே, அப்போதே வேலியை இழுத்துப் போட ஆரம்பித்தேன். பாதிகூட ஆகியிருக்காது, அந்த அம்மாள் கத்தினார்.

"ஏம்பா, கையப் பாரு!"

உள்ளங்கையில் முள் ஏறி, முழங்கை வரை ரத்தம் வழிந்திருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லக்கா."

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வலிக்கவில்லை, அழுகை வராத மாதிரியே. எனக்குப் பயமாக இருந்தது.