மறுபடி கேட்காதவன்

அவளைத் தன் தாயைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே செய்தேன்.

எண்பதுகளின் கடைசியில் பிளேஸ்டோவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தேன். என்னோடு வெங்காயம் வெட்டியவள் லின், ஹொங்கொங்காரி. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் "மோ சோ வை" என்பாள். எதுவென்றாலும் சரி என்று பொருள். முதலாளியின் மனைவி அதை ஒருநாளும் நம்பியதில்லை. மறுபடி கேட்பார். அப்போதுதான் லின் மெதுவாக, மீன் என்பாள்.

இது எனக்குப் புதிதா என்ன? எங்கள் வீட்டில் "தேத்தண்ணி வேண்டாம்" என்றவரை முதல் சொல்லோடு விட்டோமா?

ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து, நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு, யாருக்கு வேண்டும் என்றார். லின்னின் தாய் மன்செஸ்டரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதை எனக்கு மட்டுமே, உடைந்த ஆங்கிலத்தில், சொல்லியிருந்தாள். என்னைப் பார்த்தாள். "மோ சோ வை" என்றாள்.

மறுபடி ஒரு தடவை... ஒரேயொரு தடவை கேட்டிருக்கலாம்! "அப்படியென்றால் எனக்குத் தாருங்கள்" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? என் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்தபோது நான் இங்கே அகதி விசாரணைக்குக் காத்துக் கிடந்தேன். போக முடியவில்லை. இவளுக்கு மட்டும் ரயிலேறினால் தாய் முகமா? எரிச்சல்... வேறொன்றுமில்லை.

ஞாயிறு முழுவதும் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அறையில் கூட இருந்த பெடியன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, வேலைக்குப் போகேல்லையோ? சுகமில்லையோ?"

"சும்மாதான்ரா. லீவு எடுத்தனான்."

அன்று பின்னேரமே லின்னின் தாய் இறந்துபோனார்.

அடுத்த கிழமை லின் வந்து, வெங்காய மூட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் போனேன். "உன் தாயின் நிலை தெரிந்துதான் அந்த லீவைக் கேட்டேன். மன்னித்துக்கொள்" என்றேன்.

கத்தியை நிறுத்தினாள். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

"மோ சோ வை."

அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமென்று எனக்குத் தெரியாதா... தெரியும். ஆனாலும் அப்பாடா என்று அரிசி கழுவப் போய்விட்டேன். அன்றைக்கும் நான் மறுபடி கேட்கவில்லை.