பத்து ஆர்டரும் ஒரு தலையும்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து வந்த டீச்சரம்மா. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வைத்திருக்கும் முதலாளி. எங்கள் வார்டு கவுன்சிலர். என் வீட்டுக்காரி. அப்புறம் நான். கவுன்சிலரை யாரும் கூப்பிடவில்லை.

நான் தென்னை ஏறினவன். சோழபுரத்தில் ஒரு தோப்பில் விழுந்தேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தலை அசையும். டீச்சரம்மா ஒரு லேப்டாப் கொண்டுவந்து வைத்திருந்தார். அதிலிருக்கும் கேமரா என் மூக்கைப் பார்க்கும். தலை போகிற பக்கம் திரையில் அம்புக்குறி போகும். ஒரு எழுத்தின் மேல் செத்த நேரம் நின்றால் அந்த எழுத்து விழும். இரண்டு மாசம் பழகினேன். எட்டாவது வரைதான் படிப்பு. மருந்துக்கடை பேர் எழுத அது போதும்.

கடைகள் கேட்கும் ஆர்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முதலாளிக்கு ஆள் வேண்டும். அரை மணி நேரத்தில் பத்து ஏற்றினால் நாளையிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. ஒன்று குறைந்தாலும் இல்லை என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தார். தொடங்கினேன்.

மூணாவது ஆர்டரில் கவுன்சிலர் பக்கத்தில் வந்தார். "என்னப்பா, என்னைய ஞாபகம் இருக்கா?"

எங்கள் பக்கம் பெரிய மனுஷன் பேசினால் தலையாட்ட வேண்டும். ஆட்டாதவன் திமிர் பிடித்தவன். ஆட்டினேன். அம்புக்குறி மூலைக்கு ஓடி, அங்கிருந்த மூடுகிற பட்டன் மேல் நின்று, எழுதின ஆர்டரை மூடிவிட்டது.

"தலைய ஆட்டாதீங்கண்ணே," என்றார் டீச்சரம்மா.

மறுபடி எழுதினேன். கவுன்சிலர் தெருவுக்குத் தான் கொண்டுவந்த தண்ணி பைப்பைப் பற்றிச் சொன்னார். ஆடாமல் அசையாமல் கேட்டேன். அம்புக்குறி சைபர் மேல் நின்றிருந்தது. சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே போனது. தென்காசிக் கடை கேட்ட இருபது ரோல் துணி, இருபது லட்சம் ஆனது.

"யோவ், தென்காசிக்கே கட்டுப் போடணுமா?" என்றார் முதலாளி.

என் வீட்டுக்காரி ஸ்டூலை இழுத்துக் கவுன்சிலர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, எங்கிட்டச் சொல்லுங்க. அவியளுக்கும் சேத்து நானே தலையாட்டுதேன்."

ஆட்டினாள். கவுன்சிலருக்குத் திருப்தி. யார் தலை என்பது அவருக்குப் பொருட்டில்லை. பைப் முடிந்து தெருவிளக்கு, பொறவு அடுத்த எலக்‌ஷன். அவள் ஆட்ட ஆட்ட நான் ஏற்றினேன்.

"ஏட்டி, கழுத்து சுளுக்கிரும்," என்றேன்.

"உங்க கழுத்தப் பாருங்க."

ஒன்பது ஏறியது. கவுன்சிலர் போன் வந்து வெளியே போனார். முதலாளி டீ கேட்டார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

பத்தாவதையும் எழுதி முடித்தேன். ஒரு நிமிஷம் பாக்கி. சேவ் பட்டன் மேல் அம்புக்குறி நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார்.

"பரவாயில்லையே! நல்ல வேலைக்காரன்யா நீ. என்ன, நான் சொல்றது சரிதானே?"

பதினாறு வருஷம் தோப்புக்காரர்களிடம் வேலை பார்த்தவன் நான். முதலாளி கேட்டால் தலை தானாகப் போகும். போனது. ஆர்டர் மூடிக்கொண்டது. திரும்ப எழுத நேரமில்லை.

"சார், நீங்க கேட்டதாலதான ஆட்டுனாரு," என்றார் டீச்சரம்மா.

"கேட்டேன். ஆட்டச் சொன்னேனா?"

அவள் டீயோடு வந்தாள். முதலாளி வாங்கிக் குடித்தார்.

"எத்தனை ஏறுச்சு?" என்று கேட்டாள்.

ஒன்பது.