புளியம்பழ ஓடும் ஒரு டிரிக்கரும்

இந்த ஊரில் துப்பாக்கிக் கடைக்குள் போவதென்றால் முதலில் நாய்க்கு மரியாதை செய்ய வேண்டும். வாசலை அடைத்துப் படுத்திருக்கும் அந்தக் கிழட்டு நாயின் தலையைத் தடவாமல் உள்ளே போகிறவரை அமெரிக்காவின் இடாஹோவில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கையில் துப்பாக்கியோடு போகிறவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மலையூரான எங்கள் ஜமுனாமரத்தூரில் துப்பாக்கி என்ற சொல்லையே குரல் தாழ்த்தித்தான் சொல்வோம். திருட்டு வேட்டையைப் பிடிக்கும் பாரஸ்ட்காரர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு தானாகச் சாமை விளைச்சலுக்கு மாறிவிடும். இன்றும் அந்த நாயைத் தடவும்போது, யாராவது கேட்டால் சாமையைப் பற்றித்தான் பேச வந்தேன் என்று சொல்லத் தயாராகவே இருக்கிறேன்.

துப்பாக்கி என்னுடையதல்ல, என் மனைவி மல்லிகாவுடையது. இங்கேயே தங்க கிரீன் கார்டு கிடைத்த பிறகு, பக்கத்து வீட்டு அம்மாள் பொழுதுபோக்காக எங்களைக் குறி சுடும் கிளப்புக்கு அழைத்துப் போனார். நான் சுட்டதெல்லாம் அடுத்த ஆளின் குறி அட்டையில் பட்டது. அன்று அவருக்கு நல்ல மதிப்பெண். மல்லிகா சுட்டது அவளுடைய அட்டையிலேயே பட்டது, அதுவும் நடுவில். அதோடு என்னை நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். இப்போது கிளப்பின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலி, சனிக்கிழமை தேர்வு. அணியில் சேர்ந்தால் சட்டை முதுகில் பெயர் அச்சடித்துத் தருவார்கள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாப் படிவத்திலும் எல்லா விருந்திலும் அவள் என் மனைவிதான். அந்தச் சட்டை அவளுக்கு வேண்டும்.

இடையில் தடையாக நின்றது டிரிக்கர், அதாவது விசை. "சொரசொரன்னு இழுக்குதுங்க. எப்ப வெடிக்கும்னே தெரியல. அதுக்குள்ள குறி நவுந்து போவுது" என்றாள். நம்மூரில் பைக் வாங்கிய மறுநாளே சைலன்சரை மாற்றுவதைப் போல, இங்கே துப்பாக்கியோடு வந்த டிரிக்கரைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனியுடையதை மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் வியாழக்கிழமை நாங்கள் நாயைத் தடவினோம்.

கடைக்காரர் டேல் ஒரு பலகையை எடுத்து வைத்தார். அதில் நான்கு டிரிக்கர்களை வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். குண்டு கிடையாது, குழல் கிடையாது. அழுத்திப் பார்த்து வாங்கலாம். நான் நான்கையும் அழுத்தினேன். நான்கும் டிரிக்கர் போலவே இருந்தன. "நல்ல டிரிக்கர் இழுபடாமல் கண்ணாடிக் குச்சி மாதிரி டக்கென்று உடையணும்" என்று டேல் விளக்கினார்.

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டாள். ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் வைத்து மெல்ல அழுத்தினாள். எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது. அவள் மலையடிவாரச் சந்தவாசல் புளி வியாபாரியின் மகள். கல்யாணமான புதிதில் ஜமுனாமரத்தூர் சந்தையில் இப்படித்தான் புளியம்பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். ஓடு நசுங்கினால் காய். நெறுநெறுவென்று இழுத்தால் இன்னும் நாளாக வேண்டும். டக்கென்று ஒரே உடைசலாக விட்டால் பழம்.

"மூணாவதுங்க. பழுத்த புளியம்பழ ஓடு மாதிரி வுடுது" என்றாள். நான் டேலுக்கு மொழிபெயர்த்தேன். "டாமரிண்டா? அந்தக் கம்பெனி சரக்கு என்னிடம் இல்லையே" என்று வருந்தினார். மூன்றாவது நல்ல தேர்வு என்றும், கடையில் அது ஒன்றுதான் மிச்சம் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் கடன் அட்டையைக் கொடுத்துப் பொருளை வாங்கியிருக்க வேண்டும். மல்லிகா முகத்தைச் சுளித்து, "இன்னாவோ, சுமாராத்தான் கீது. குறைச்சா எடுத்துக்கலாம்னு சொல்லுங்க" என்றாள். ஒட்டியிருப்பதுதான் விலை என்றார் டேல். "யோசிச்சிட்டு வர்றோம்னு சொல்லிட்டு வாங்க" என்று அவள் திரும்பி நடந்தாள்.

சந்தையில் இதற்கொரு முறை இருக்கிறது. வாங்குகிறவர் மெதுவாக நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அடுத்த கடையை அடைவதற்குள் விற்கிறவர் கூப்பிட வேண்டும். "இன்னாம்மா, தொட்டுப் பாத்துட்டு சும்மா போறே? வந்து எடுத்துகினு போ!" கூப்பிடாமல் விடுவது சண்டைக்குச் சமம். மல்லிகா அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. மீன் தூண்டில்களைக் கடந்தோம். தொப்பிகளைக் கடந்தோம். "ஹேவ் எ குட் ஒன்!" என்று விடைகொடுத்தார் டேல், மனப்பூர்வமாக. எழுந்து வழியனுப்பியது வாசல் நாய் மட்டும்.

காரில் உட்கார்ந்தோம்.

"கூப்புடுவாரு" என்றாள்.

கடைக் கண்ணாடி வழியே பார்த்தோம். பெரிய தொப்பிக்காரர் ஒருவர் வந்து பலகையில் முதலாவதை அழுத்தினார். பிறகு இரண்டாவதை.

"நீயே போய் வாங்கிட்டு வாயேன்."

"நான் போனா மரியாதை இன்னா ஆவறது? நீங்க போங்க. உங்களுக்குப் பரவாயில்ல."

கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் என் மரியாதையின் இருப்பு நிலவரம் இவ்வளவு தெளிவாக எனக்கு அறிவிக்கப்பட்டதில்லை. ஓடினேன். நாயைத் தடவவில்லை. தொப்பிக்காரரின் விரல் மூன்றாவதற்கு வந்திருந்தது. "எதையாவது மறந்துவிட்டீர்களா?" என்றார் டேல். ஆமாம் என்றேன். அன்றே மாட்டியும் கொடுத்தார். சனிக்கிழமை அவள் சுட, நான் நாற்காலியில் இருந்தேன். அடுத்த மாதம் சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். தெருவுக்கு முதுகைக் காட்ட அது வசதி.

இந்த மாசியில் ஊருக்குப் போயிருந்தோம். ஜமுனாமரத்தூர் சந்தையில் மல்லிகா ஒரு புளியங்குவியல் முன்னால் குந்தினாள். அழுத்தினாள், டக். விலை கேட்டாள், முகத்தைச் சுளித்தாள், எழுந்து நடந்தாள். நான் பையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முறைப்படி குரல் வந்தது.

"யம்மோவ்! வாம்மா, கேட்ட விலைக்கே எடுத்துகினு போ!"

அவள் நிற்கவில்லை. இடாஹோவில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவள் கால்கள் பழகிவிட்டன. முறுக்குக் கடையைத் தாண்டி, வளையல் கடையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விட்டாள்.

"இன்னா சார், அந்தம்மா திரும்பவே மாட்டேங்குது? கோவமா? வெளியூரா?" என்றார் புளி விற்ற பெண்.

"சந்தவாசல்தாங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. தூரத்தில் மல்லிகா சாமான் மறந்துபோனவள்போல என்னைப் பார்த்து, உள்ளே போய் வாங்கி வாருங்கள் என்று கை காட்டினாள். உள்ளே என்று ஒன்று அங்கே இல்லை. திறந்த வெளி. நான் அதில்தான் நின்றுகொண்டிருந்தேன்.