விருந்தாளிக்கு நிரப்பிய குழிகள்

சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே, ஏலக்காய்ச் சரிவில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைக்குழி வெட்டும் வேலை ஒரு தூரதேசம் கொடுத்த உதவியில் நடந்தது. மண் கரையக் கூடாது, கோடையில் ஊற்று வற்றக் கூடாது, விளைச்சல் பெருகி ஜனங்கள் கையில் காசு புரள வேண்டும். இதைச் செய்து காட்டினால்தான் அரசுக்கு அடுத்த கட்ட உதவி வரும் என்றார்கள். ஆக, நாட்டைச் சீர்திருத்தும் பொறுப்பு என் அக்காவின் மண்வெட்டிக்கு வந்து சேர்ந்தது. அவள்தான் பெண்கள் குழுவுக்குத் தலைவி. சரிவை ஒட்டிய கடைசி வீடும் அவளுடையதுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தது நல்ல வெயில் காலத்தில். குழிகள் காய்ந்து கிடந்தன. வருகிறவர்களுக்கு வாசலில் நிறைகுடம் வைக்கிறவர்கள் நாங்கள். காலிக் குடத்தோடு யாராவது எதிரே வந்தாலே முகம் சுளிப்போம். வெறுங்குழியைக் காட்ட அக்காவுக்கு மனம் வரவில்லை. முந்தின நாளே ஓடையில் மோட்டாரைப் போட்டு, எல்லாக் குழியையும் தளும்பத் தளும்ப நிரப்பி, பூவும் தூவிவிட்டார்கள். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மரியாதை, அவ்வளவுதான்.

வந்தவர்களை ஜீப்பில் மேலே ஏற்றிப் போனது நான்தான். தண்ணீரைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. திட்ட அலுவலர் பிறகு வந்து, கோடையிலும் தண்ணீர் நிற்கிற சரிவு இது, லயத்துக்கு நேர் மேலேயும் பெரிய பெரிய குழியாக வெட்டுங்கள் என்று சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குழிகளையும் வெட்டினார்கள்.

மழை பிடித்ததும் நான் மேலே போய்ப் பார்த்தேன். புதுக்குழிகளில் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வழியவில்லை. எல்லாம் மலைக்குள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்று சாயா நிறத்தில் கலங்கி வந்தது; மலை உள்ளுக்குள்ளே கரைகிறது.

"குழியை மூடிருவோம்க்கா. இல்லைன்னா நீயாவது கடைத்தெருவுக்கு, என் வீட்டுக்கு வந்துரு."

"போடா, பயந்தாங்கொள்ளி. அவுக மறுபடி வாராக. இப்ப மூடுனா, அன்னைக்குத் தண்ணி ஊத்தி வச்சதும் வெளிய வந்துரும். எல்லாருக்கும் தலைகுனிவுடா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மீதா, பூவைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காமல் போனவர்கள் மீதா, தெரியவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின மதியம் மழை சற்று விட்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்களைக் கதவு சாத்த வரவில்லை. மரம் ஊறிப் புடைத்துவிட்டது, ஆசாரியைக் கூட்டி வா என்றாள். தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். கதவில் ஒரு கோளாறும் இல்லை. நிலைதான் சாய்ந்திருந்தது.

"அக்கா, வீடு நகருது."

"சும்மா இருடா" என்று சொல்லிக்கொண்டே, மறுநாளைக்குத் தேய்த்த பித்தளைக் குடத்தை விளிம்பு வரை நிரப்பி, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். தண்ணீர் ஒரே ஓரத்தில் வழிந்தது. குடத்தைத் திருப்பி வைத்தாள். மறுபடியும் அதே பக்கம்தான் வழிந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே மழை மறுபடியும் பிடித்திருந்தது.